சங்கிலிக் கறை

5 செப்டம்பர் 1993, ஞாயிறு

இந்த டைரி என் மூத்த பேரன் ராமையா தந்தது. ஜனவரியில் கொண்டுவந்தான். எட்டு மாசமாக அரிசி டின் மேல் சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுத வேண்டும் போல இருக்கிறது.

நல்லதை முதலில் எழுதுவோம். ராமையா மெட்ராஸில் பாங்கு ஆபீசர். பரீட்சை எழுதி முதல் தடவையே பாஸ். சிபாரிசு என்று ஒரு வாசலையும் மிதிக்கவில்லை. அடுத்தவள் கல்யாணி, பாளையங்கோட்டையில் கவர்மெண்ட் பள்ளிக்கூட டீச்சர். போன வருஷம் அவள் வகுப்பில் ஒரு பிள்ளைகூட பெயில் இல்லை. கடைக்குட்டி சைலப்பன் பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு, பேப்பரில் பேர் வந்தது. மூன்றாவது வடிவு. சண்முகவடிவு. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, காலேஜுக்கே இரண்டாவது. வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை நாகப்பூரில் கம்பெனி இன்ஜினியர், குவார்ட்டர்ஸ் வீடு, ஃபிரிட்ஜ் இருக்கிறது. ஆழ்வார்குறிச்சியில் எங்கள் தெருவிலிருந்து ஃபிரிட்ஜ் உள்ள வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போன முதல் பெண் அவள்தான். ஜாதகம் பார்த்தது, பேசி முடித்தது எல்லாம் நான். என் மகன் சிவசைலம் தலையை ஆட்டினான், அவ்வளவுதான்.

இந்த நாலு பேருக்கும் தாய் இல்லை. என் மருமகள், சைலப்பன் பிறந்த ஆறாம் மாசமே போய்விட்டாள். ஐந்தாம் வகுப்பு படித்த ஆவுடையம்மாள் வளர்த்த பிள்ளைகள் என்று சொன்னால் வெளியூரில் நம்ப மாட்டார்கள்.

வடிவிடமிருந்து நேற்று லெட்டர் வந்தது. சுகமாம். தாலிச் சங்கிலி படுகிற இடத்தில் கழுத்து கறுக்கிறதாம். "நீங்க சொன்ன மாதிரி சங்கிலிதான் ஆச்சி" என்று எழுதியிருக்கிறாள்.

உளுந்து காயப் போட்டேன். தூறல் விழுந்து பாதி நனைந்துவிட்டது.

8 செப்டம்பர்

கீழத்தெரு ஆசாரியிடம் போனேன். வடிவு சங்கிலியைச் செய்தவர் அவர். என் இரட்டைவடச் சங்கிலியைப் பிரித்து ஒரு வடத்தை அவளுக்குத் தாலிச் சங்கிலியாகச் செய்தோம். மற்ற வடம் என் கழுத்தில் கிடக்கிறது. ஆகையால் இரண்டும் ஒரே பவுன்.

"ஆசாரி, கழுத்தைக் கறுக்க வைக்காத உலோகம் எது?" என்று கேட்டேன்.

"யாருக்கு ஆச்சி?"

"சும்மா கேக்கேன்."

ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "பித்தளை, செம்பு ரெண்டும் வேர்வை பட்டா பச்சைப் பிடிக்கும். கவரிங் மேல்பூச்சு இருக்க மட்டும் சும்மா இருக்கும், பூச்சு போனா உள்ள செம்பு வந்துரும், கழுத்து பச்சை. ஐம்பொன்லயும் செம்பு உண்டு, அதனால அதுவும் கொஞ்சம் பிடிக்கும். வெள்ளி தான் கறுக்குமே தவிர தோலை அவ்வளவா கறுக்காது. எவர்சில்வர் ஒண்ணும் செய்யாது. ஆனா எவர்சில்வர்ல தாலி கோக்கணும்னா எங்கிட்ட வரக்கூடாது, பாத்திரக் கடைக்குப் போகணும்."

"பவுனு?"

"பவுனுக்கு என்ன கேடு? தங்கம் எதுலயும் ஒட்டாது ஆச்சி. ராசா மாதிரி தனியா இருக்கும். நாம அதுல செம்பும் வெள்ளியும் கலக்கது கெட்டிப்படத்தான். நூத்துல எட்டுப் பங்கு. சில உடம்புக்கு மைக் கோடு மாதிரி லேசாக் கறுக்கும். ஈரத்துணி வச்சுத் துடைச்சா போயிரும்."

சில உடம்புக்குக் கறுக்கும் என்று அவரே சொன்னார். அதைக் கேட்கத்தான் போனேன்.

9 செப்டம்பர்

சில உடம்புக்குக் கறுக்கும்.

14 செப்டம்பர்

வடிவுக்கு எழுதினேன். குளித்ததும் சங்கிலிக்கு அடியில் ஈரம் இல்லாமல் துடை. பவுடர் போடு. சோப்பு நுரை தங்கவிடாதே. சென்ட் அடித்தால் கழுத்தில் படாமல் அடி. அங்கே தண்ணீர் உப்பாக இருந்தால் கொதிக்கவைத்து ஆற்றிக் குளி.

லெட்டரை மாப்பிள்ளை பிரித்துப் படித்துவிட்டுத்தான் அவளிடம் தருவாராம். ஆடிக்கு அழைத்து வந்திருந்தபோது அவளே சொன்னாள். படித்தால் படிக்கட்டும், இதில் என்ன ரகசியம்.

1 அக்டோபர்

பதில் வந்தது. அரைப் பக்கம்தான். வடிவு முன்னெல்லாம் நாலு பக்கம் எழுதுவாள். ரெயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் என்ன சாப்பிட்டார் என்பது வரைக்கும் எழுதுகிற பிள்ளை. இப்போது, "நான் நலம், அவுக நலம், கறை இன்னும் இருக்கு, சங்கிலியாலதான், கவலைப்படாதீங்க" என்று முடித்துவிட்டாள்.

அடியில் மாப்பிள்ளை தன் கையெழுத்தில் இரண்டு வரி எழுதியிருந்தார். "ஆச்சிக்கு வணக்கம். சங்கிலியை நல்ல ஆசாரியிடம் உரைத்துப் பார்த்துத்தான் கொடுத்தீர்களா? இங்கே பார்க்கிறவர்கள் கவரிங்கா என்று கேட்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது."

படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. கவரிங்காம். என் மாமியார் கழுத்தில் கிடந்து, என் கழுத்தில் நாற்பத்தொன்பது வருஷம் கிடந்த பவுன்.

பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று தோன்றியது. ஒருவேளை அது கவரிங்காக இருந்தால்? ஆசாரி மாற்றியிருந்தால்? அப்படியானால் கறுக்கத்தானே செய்யும். எரிச்சல் போய்விட்டது. அடுப்பில் வைத்த குழம்பு அடிப்பிடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

5 அக்டோபர்

காலையில் குளித்து, கோயிலுக்குப் போய், பரமகல்யாணி முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டினேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். அம்மா, என் பவுன் பொய்யாக இருக்க வேண்டும். ஆவுடையம்மாள் பேத்திக்குக் கவரிங் போட்டு அனுப்பினாள் என்று ஊர் சிரிக்கட்டும். நான் தாங்கிக்கொள்வேன்.

அங்கிருந்து நேரே ஆசாரியிடம் போய் என் சங்கிலியைக் கழற்றி வைத்தேன். "உரைச்சுச் சொல்லுங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "எங் கை வேலையவா சந்தேகப்படுதீக? உங்க வீட்டுப் பவுனை உருக்கும்போது நீங்களே முக்காலி போட்டு உக்காந்து பாத்தீகளே. கண்ணை எடுத்தீகளா?"

"உரைச்சுச் சொல்லுங்க ஆசாரி."

உரைகல்லில் தேய்த்தார். மஞ்சளாகக் கோடு விழுந்தது. அதன் மேல் திராவகம் ஒரு சொட்டு விட்டார். செம்பாக இருந்தால் பொங்கிப் பச்சையாகும். பித்தளை என்றால் கோடே அழிந்துபோகும். நான் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். கோடு அப்படியே கிடந்தது.

"இருபத்திரண்டு. கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்" என்றார். "சந்தோசமா?"

சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வருகிற வழியில் கால் ஓயவில்லை, வாய்க்கால் பாலம் வரைக்கும் நடந்து போய்த் திரும்பினேன். என் கழுத்திலும் வேர்க்கிறது. அடுப்படியில் வெந்துபோய்த்தான் நிற்கிறேன். என் கழுத்தில் ஒரு கோடுகூட இல்லை.

7 அக்டோபர்

உடம்புச் சூடு. அதுதான் காரணமாக இருக்க வேண்டும். நாகப்பூரில் வெயில் அதிகம் என்று சைலப்பன் அட்லாஸில் பார்த்துச் சொன்னான்.

வடிவுக்கு எழுதினேன். சங்கிலியைக் கழற்றி பீரோவில் வை. தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொள். நூலும் மஞ்சளும் யாரையும் கறுக்க வைக்காது. சங்கிலி இல்லாமல் கயிறோடு இருக்கிறாளே என்று யாராவது கேட்டால், ஆச்சிக்கு வேண்டுதல் என்று சொல். மாப்பிள்ளைக்கும் தெரியட்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

எழுதும்போது வேறொன்று ஞாபகம் வந்தது. அவள் காலேஜில் படிக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "ஆச்சி, இது ஏன் பச்சையாகுது தெரியுமா? காத்துல இருக்கறதோட செம்பு சேந்துக்கிடும். தங்கம் யார்கூடயும் சேராது, ரொம்ப கர்வம் பிடிச்சது, உங்கள மாதிரி" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

எனக்குப் பாடம் சொன்ன பிள்ளை அவள். அவளா சங்கிலி கறுக்கிறது என்று எழுதுகிறாள்?

இதை எழுதிவிட்டு டைரியை மூடிவிட்டேன். மறுபடி திறந்து பார்த்தேன். எழுதியது அப்படியே இருக்கிறது.

23 அக்டோபர். சரஸ்வதி பூஜை

லெட்டர் வந்தது. கயிறு போட்டுக்கொண்டாளாம். கறை குறைந்துவிட்டதாம். சுண்டல் ஒரு டம்ளர் அதிகமாகப் போட்டேன். அடுத்த வீட்டுப் பூரணத்திடம் சொன்னேன், "உடம்புச் சூடுதான், நான் சொன்ன வைத்தியம் கேட்டுட்டு."

"உங்களுக்கென்ன ஆச்சி, டாக்டருக்குப் படிச்சிருக்கணும்" என்றாள் பூரணம். அவள் பேச்சில் எது பாராட்டு, எது குத்தல் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

6 நவம்பர்

தலைதீபாவளிக்கு வரவில்லையாம். மாப்பிள்ளைக்கு லீவு இல்லையாம். வடிவு எழுதவில்லை. மாப்பிள்ளை மட்டும் சிவசைலத்துக்கு எழுதியிருக்கிறார். பட்டுவேட்டி எடுத்தாயிற்று. புடவை எடுத்தாயிற்று. மாப்பிள்ளைக்கென்று எண்ணெய்க் கிண்ணம் புதிதாக வாங்கியிருந்தேன்.

"அவளையாவது அனுப்பச் சொல்லேன்" என்றேன் மகனிடம்.

"தனியா எப்படிம்மா வருவா? மூணு ரயில் மாறணும். சும்மா இரேன்."

பூரணம் வாசலில் நின்று கேட்டாள். "என்ன ஆச்சி, தலைதீபாவளி நாகப்பூர்லயா? அங்க மாமனார் வீடு முளைச்சிட்டா?"

"பெரிய உத்தியோகம்னா அப்படித்தான்" என்றேன்.

13 நவம்பர். தீபாவளி

முறுக்கு, அதிரசம் எல்லாம் தெருவுக்குக் கொடுத்துவிட்டேன். யாரும் ருசி சொல்லவில்லை. நானும் வாயில் போடவில்லை.

18 நவம்பர்

தபால்காரர் ஒரு கவர் கொண்டுவந்தார். கையெழுத்து தெரியாதது. உள்ளே ஒரு கலர் போட்டோ, ஒரு துண்டுக் காகிதம்.

"அன்புள்ள அம்மா, நான் உங்கள் பேத்தியின் பக்கத்துக் குவார்ட்டர்ஸ். தூத்துக்குடிக்காரி. இங்கே பள்ளியில் டீச்சர். பெயர் செபஸ்தியம்மாள். தீபாவளி அன்று எங்கள் வீட்டில் எடுத்த படம். வடிவு நல்ல பிள்ளை. படத்தைக் கவனமாகப் பாருங்கள். பதில் எழுதினால் என் பள்ளி விலாசத்துக்கு எழுதுங்கள்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வடிவு கையில் பலகாரத் தட்டு. குனிகிறாள், அதனால் முந்தானை விலகியிருக்கிறது. மெலிந்துபோய்விட்டாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான். நான் சொன்னபடியே. கழுத்தில் கறை இருக்கிறது. பச்சையும் மஞ்சளும் நடுவில் ஊதாவும். மணிக்கட்டிலும் இருக்கிறது. கையில் கண்ணாடி வளையல்.

நூல் கறுக்காது. கண்ணாடி கறுக்காது.

வாசலில் தண்ணீர் லாரிக்கு எல்லாரும் குடத்தோடு நிற்கிறார்கள். நான் போகவில்லை.

19 நவம்பர்

போட்டோவை ஆசாரியிடம் காட்டினேன். வேறு யாரிடம் காட்டுவேன்? இதைப் பற்றிப் பேசியது அவரிடம் மட்டும்தான். நகையைப் பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சங்கிலிக் கறைன்னா கழுத்தைச் சுத்தி மாலை மாதிரிக் கோடா விழும் ஆச்சி" என்றார். "இது இந்தப் பக்கம் ஒண்ணு. அந்தப் பக்கம் நாலு."

தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு சட்டென்று மடக்கிக்கொண்டார். போட்டோவைத் துணியால் துடைத்து என் கையில் தந்தார். "நான் யாரிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார்.

"சொல்லுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

22 நவம்பர்

சிவசைலத்திடம் போட்டோவைக் கொடுத்தேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான்.

"அவதான் சங்கிலின்னு எழுதுதாளேம்மா. ஒரு தடவையா? மூணு லெட்டர்."

"சங்கிலி இல்லைய்யா."

"பின்ன என்னது? நீயே சொல்லு."

அறுபத்தேழு வயசில் என் மகனிடம் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. அவனுக்கும் என்னவென்று தெரிந்துதான் இருந்தது. நான் சொல்லிவிடக் கூடாதே என்று நின்றுகொண்டிருந்தான்.

தபாலாபீஸிலிருந்து ராமையாவுக்குப் போன் போட்டேன். "நாகப்பூருக்குப் போய்த் தங்கச்சியப் பாத்துட்டு வாய்யா." ஏன் என்று கேட்டான். போய்ப் பார் என்றேன்.

25 நவம்பர்

ராமையா மெட்ராஸிலிருந்து நாகப்பூருக்குப் புறப்பட்டுவிட்டான். தோசைக்கு அரைத்தேன். இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

29 நவம்பர்

ராமையா மெட்ராஸுக்குப் போகாமல் நேரே இங்கே வந்துவிட்டான். தனியாகத்தான் வந்தான். காபியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை.

மாப்பிள்ளை நன்றாக உபசரித்தாராம். கறி எடுத்து வரச் சொன்னாராம். வடிவு முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டே பரிமாறினாளாம். இவன், "கழுத்துல என்னட்டி?" என்று கேட்டிருக்கிறான். மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றாராம். "சங்கிலிதான் அண்ணே" என்றாளாம். "கயித்தோடதானே இருக்க?" என்றானாம்.

அதற்கு அவள், "சங்கிலிதான். ஆச்சிக்கே தெரியும்" என்றாளாம்.

ராமையா என்னைப் பார்த்தான். "உங்களுக்கு என்ன தெரியும் ஆச்சி?"

தலை சுற்றுகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். பின்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

30 நவம்பர்

எழுதிவிடுகிறேன். வாயால் சொல்ல முடியாவிட்டால் எழுத்திலாவது இருக்கட்டும்.

ஆடிக்கு வடிவை அழைத்து வந்திருந்தோம். பதினெட்டாம் பெருக்குக்கு முதல் நாள். பின்கட்டில் மணையைப் போட்டு உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தேன். கூந்தலை ஒதுக்கினேன். கழுத்தில் கறை. பிடரிக்குக் கீழே ஒன்று, பக்கவாட்டில் வரிசையாக. பச்சையாகிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நானும் ஒருத்தனோடு முப்பத்தேழு வருஷம் குடித்தனம் பண்ணினவள்.

"ஆச்சி, அவுக..." என்று ஆரம்பித்தாள்.

வாசலில் பூரணம் நின்றுகொண்டிருந்தாள். புதுப்பெண்ணைப் பார்க்க இன்னும் இரண்டு பேரை அழைத்து வந்திருந்தாள். கல்யாணப் போட்டோ ஆல்பம் கூடத்தில் விரித்துக் கிடந்தது. ஃபிரிட்ஜைப் பற்றி அன்று காலையில்தான் பேசியிருந்தேன். சாயங்காலம் மாப்பிள்ளை பஸ்ஸில் வந்து இறங்குகிறார்.

நான் சொன்னேன்: "சங்கிலி கறுத்திருக்கு வடிவு. புதுச் சங்கிலின்னா அப்படித்தான். தேய்ச்சா போயிரும்."

சொன்னதோடு விடவில்லை. சீயக்காயை வைத்துத் தேய்த்தேன். போகவில்லை. செம்புக் குடத்துக்கு வைத்திருந்த புளியில் ஒரு உருண்டை எடுத்து அதையும் வைத்துத் தேய்த்தேன். அந்தத் தோலில். அவள் சின்னப் பிள்ளையிலிருந்து தலையில் தண்ணீர் ஊற்றினாலே கத்துகிறவள். அன்று கத்தவில்லை. மணையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில், "ஆமா ஆச்சி, சங்கிலிதான்" என்றாள்.

அந்த வார்த்தை அவளுடையது இல்லை. நான் கொடுத்து அனுப்பினது. சீர் வரிசையோடு சேர்த்து அனுப்பினேன். நாகப்பூரில் யார் கேட்டாலும் அதையே எடுத்துக் காட்டுகிறாள். மாப்பிள்ளைக்கும் சௌகரியமாகப் போய்விட்டது.

மூன்று மாசமாக நான் உலோகம் தேடினேன்.

1 டிசம்பர்

டைரியை ராமையாவிடம் கொடுத்தேன். அவன் படித்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தான். சிவசைலம் படித்து முடித்து, மூடிவைத்துவிட்டு, செருப்புப் போடாமல் வெளியே போனான். மதியம் வந்தான். என்னோடு பேசவில்லை. ராமையாவிடம், "ரெண்டு டிக்கெட் போடு" என்றான்.

சோறு போட்டேன். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

3 டிசம்பர்

சொல்லாமல் போய்ப் பெண்ணை அழைத்து வந்தால் நாளைக்குப் பேச்சாகிவிடும் என்று, கடையத்தில் இருக்கிற சம்பந்தி வீட்டுக்கு முதலில் போனோம். நானும் போனேன். வரவேண்டாம் என்றான் சிவசைலம். பேசி முடித்தவள் நான், நான்தான் வருவேன் என்றேன்.

சம்பந்தி உட்காரச் சொல்லிவிட்டு, விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய் ஒரு லெட்டரை எடுத்து வந்தார். மாப்பிள்ளை முந்திக்கொண்டு அனுப்பியிருக்கிறார். வடிவு மாமனாருக்கு எழுதினது. "எனக்குக் கழுத்தில் இருப்பது நகைக் கறை. எங்கள் ஆச்சி பார்த்து அப்படித்தான் சொன்னார்கள்."

"உங்க பேத்தி கையெழுத்துதானே?" என்றார் சம்பந்தி.

"கையெழுத்து அவளுது. பேச்சு என்னுது. நான் சொன்னது பொய்" என்றேன்.

சம்பந்தியம்மாள் சிரித்தாள். "நேத்து வரைக்கும் எங்க மகனைத் தங்கம்னு ஊரெல்லாம் சொன்னீக. இன்னைக்கு உரைச்சுப் பாக்க வந்துட்டீகளாக்கும்? வயசாயிட்டுன்னா வாய் தடுமாறத்தான் செய்யும்."

போட்டோவைக் காட்டினேன். குனிகிறாளே, நிழல் விழுந்திருக்கிறது என்றார் சம்பந்தி. சரியாகப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் சிவசைலம் என் கையைப் பிடித்துப் படியிறக்கிவிட்டான். மூன்று நாளில் அவன் என்னைத் தொட்டது அப்போதுதான்.

4 டிசம்பர்

செபஸ்தியம்மாள் டீச்சர் பள்ளி விலாசத்துக்கு இன்று எக்ஸ்பிரஸ் டெலிவரியில் லெட்டர் போட்டேன், மூன்று நாளில் போய்விடுமாம். எழுதினதை இங்கேயும் ஒரு நகல் எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது ஆச்சி அப்படிச் சொல்லவில்லை என்று சொன்னால் காட்டுவதற்கு.

அன்பு வடிவுக்கு ஆச்சி எழுதுவது.

உன் கழுத்தில் இருப்பது சங்கிலிக் கறை இல்லை. ஆடியில் பார்த்தபோதே எனக்குத் தெரியும். நீ சொல்ல வந்தாய். நான் உன் வாயை அடைத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். என்னை மன்னி என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை, அதனால் கேட்கவில்லை. நான் கொடுத்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இனிமேல் யார் கேட்டாலும் சங்கிலி என்று சொல்லாதே.

உன் அப்பாவும் ராமையாவும் ஏழாம் தேதி ரயில் ஏறுகிறார்கள். ஒன்பதாம் தேதி காலையில் உன் வாசலில் நிற்பார்கள். கதவைத் திற. மாற்றுப் புடவைகூட எடுக்க வேண்டாம். அவர் பக்கத்தில் நின்றால் பேசவும் வேண்டாம், செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடு. அதற்கு முன்னால் தாங்க முடியாவிட்டால் டீச்சர் வீட்டுக்குப் போய்விடு. அவளுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். மானம் போகுமே என்று நினைக்காதே. அதை நான் கடையத்திலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இங்கே பூரணத்திடமும் நேற்று நானே சொல்லிவிட்டேன். அவள் கேட்டுவிட்டு, "எங்க அக்காளுக்கும் இப்படித்தான் ஆச்சி" என்றாள்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். அந்தக் கறை நாளாக நாளாக மஞ்சளாகி மங்கிப்போகும். அது எனக்குத் தெரிந்த விஷயம். அப்பா வருவதற்குள் மங்கிவிட்டால், நிழல் என்று சொன்னவர்கள் சொன்னபடியே இருப்பார்கள். ஆகையால் டீச்சரைக் கூட்டிக்கொண்டு பகலில், அவர் ஆபீஸில் இருக்கும்போது, ஒரு ஸ்டூடியோவுக்குப் போ. கலரில் எடுக்கச் சொல். நல்ல வெளிச்சத்தில். குனியாதே, முந்தானையை இழுத்துக்கொள்ளாதே, நேரே நில். கை இரண்டையும் காட்டு. உன் கல்யாணப் போட்டோவை இந்தத் தெருவில் எத்தனை வீட்டுக்கு நான் எடுத்துக்கொண்டு போனேன் என்று உனக்குத் தெரியும். நீ சரி என்று சொன்னால், இதையும் அதே வீடுகளுக்கெல்லாம் எடுத்துக்கொண்டு போவேன். வேண்டாம் என்றால் நான் மட்டும் பார்த்துக்கொள்கிறேன், நான் பார்க்க வேண்டியதுதான். யோசித்துக்கொண்டு நிற்காதே வடிவு. மங்குவதற்குள் எடு. எடுத்து, அவர் கையில் சிக்காமல் அன்றைக்கே தபாலில் போடு.